பச்சைப் புள்ளிகளை நம்பிய வாரம்

போன மாதம் என் பழைய ஆய்வுக்கூடத்தில் ஒரு கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஆளுக்கொரு செல்போனும், அதை மேலே பொருத்திக்கொள்ளும் ஒரு கறுப்புப் பெட்டியும் வைத்திருந்தார்கள். ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"மேடம், இந்தப் போன் வந்தபெறவு வேலை லேசாயிட்டுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வயதானவள் புதுப் பொருளைக் கண்டு மிரண்டிருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். விளக்கிச் சொல்வதற்குள் டீ வந்துவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேதியியல் படித்துவிட்டு, பாளையங்கோட்டையில் இருந்த குடிநீர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். வெகுநாள் பாட்டில் கழுவினேன். பிறகு பகுப்பாய்வாளர் ஆனேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊர் ஊராகத் தண்ணீர் வரும், மருந்து சேர்ப்போம், நிறம் மாறும், நிறத்தின் அழுத்தத்தை அளந்து எழுதுவோம். அம்மோனியா இருந்தால் மஞ்சள். குளோரின் இருந்தால் ரோஜா நிறம். நைட்ரேட் இருந்தால் சிவப்பு. சம்பளம் வாங்கியதெல்லாம் நிறம் பார்த்ததற்குத்தான்.

என் மேலதிகாரி சிதம்பரநாதன் சாரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டவுண்காரர். நெற்றியில் திருநீறு, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. 'நல்ல தண்ணி' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே வராது. "இந்தப் பாட்டில்ல இருக்க தண்ணி, இப்போதைக்கு, எல்லைக்குள்ள இருக்கு" என்பார். கல்யாண வீட்டில் யாராவது, "சார், எங்க தெரு தண்ணி நல்லதுதானே?" என்று கேட்டால்கூட, "பார்த்தாத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

எந்த முடிவைக் கொண்டுபோய் நீட்டினாலும் எண்ணைப் பார்க்கமாட்டார். முதலில் கேள்வி வரும்.

"எஸ்தரம்மா, சாட்சி வச்சீங்களா?"

சாட்சி என்று அவர் சொன்னது, எவ்வளவு நைட்ரேட் இருக்கிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு தண்ணீரை. அதையும் கூடவே சோதிக்க வேண்டும். அது தர வேண்டிய நிறத்தைத் தந்தால்தான் பக்கத்துச் சோதனைக் குழாயில் இருக்கிற ஊர்த் தண்ணீரின் நிறத்தை நம்பலாம். சாட்சி இல்லாமல் கொண்டுபோனால் தாளைத் தொடாமலே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். கண்ணாடி மேஜைக்குப் போனால் நாம் திரும்பிப்போய் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தால், வெளியூர் போகும்போதெல்லாம் என் பையில் ஒரு சின்னப் பாட்டிலில் சாட்சித் தண்ணீர் இருக்கும்.

ஓய்வுபெறச் சில வருடங்கள் இருக்கும்போது செல்போன்கள் வந்தன. முறை எளிது. சோதனைக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, பொட்டலத்தைக் கிழித்துத் தூளைக் கொட்டி, குலுக்கி, நிறம் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு குழாயைக் கறுப்புப் பெட்டிக்குள் செருகி, மேலே போனை வைத்து அமுக்கினால், கேமரா நிறத்தைப் பார்த்து எண்ணாக மாற்றிவிடும். அனுமதித்த எல்லைக்குள் இருந்தால் வரைபடத்தில் அந்த ஊர் இருக்கிற இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி விழும். மீறினால் சிவப்பு. ஊருக்கு இரண்டு மூன்று பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள்.

அதில் நன்மை இல்லாமல் இல்லை. ஒரு ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் கூட்டம் நெரிந்தது. தொட்டித் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று குழாயடியிலேயே போனில் பார்த்தோம். நிறமே வரவில்லை. குளோரின் மருந்து சொட்டுகிற குழாய் அடைத்திருந்தது, உடனே சரிசெய்தார்கள். பாட்டிலில் பிடித்து ஜீப்பில் ஏற்றிப் பாளையங்கோட்டை கொண்டுவந்தால், இருக்கிற குளோரினே வழியில் வெயிலில் போய்விடும். எது தொட்டியில் இல்லாதது, எது வழியில் போனது என்று யார் சொல்ல முடியும்? அன்று சார்கூடப் போனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளம் வந்தது.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு போன கதையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாங்கள் பார்த்தது அதற்கு அடுத்த வாரத்தை. குடிநீர் இறைக்க ஆற்றுக்குள் போட்டிருந்த உறைகிணறுகள் மணல் மூடிக் கிடந்தன. குழாய்கள் பெயர்ந்து போயிருந்தன. பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரை எந்த ஊருக்கும் வழக்கமான தண்ணீர் இல்லை. வயக்காட்டுக் கிணறு, தோப்புக் கிணறு என்று கிடைத்ததை எல்லாம் குடிக்க ஆரம்பித்திருந்தார்கள். பாலங்கள் போய்விட்டதால் பாட்டில்களை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர வழியில்லை. வந்தாலும் மின்சாரம் இல்லை. போன்தான் எங்களுக்கு மிஞ்சியது. கிடங்கிலிருந்து தூள் பொட்டலங்களைப் பெட்டி பெட்டியாகப் படகிலும் டிராக்டரிலும் எல்லா ஊர்களுக்கும் அனுப்பினோம். இரண்டு மூன்று நாளில் வரைபடத்தில் ஆற்றின் இருகரையிலும் பச்சைப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. அதைப் பார்க்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் புரியாது.

புன்னக்காயலுக்கு மேற்கே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். சாலை ஓரளவு திறந்த பிறகு ஒரு நாள் காலை நான் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது அங்கிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் கூப்பிட்டார். சின்ன வயதுப் பெண். குரல் தடுமாறியது.

"மேடம், ரெண்டு மாசக் கைக்குழந்தை. காய்ச்சல் இல்ல, நெஞ்சில சளி இல்ல. ஆனா ஒடம்பு நீலமா இருக்கு. ஆக்சிஜன் வச்சும் நிறம் மாறல. எனக்குத் தண்ணி மேல சந்தேகமா இருக்கு. கொஞ்சம் வந்து பாக்கீங்களா?"

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா முத்துலட்சுமி கையில் வைத்திருந்தாள். நாவல்பழம் தின்ற வாய்போல் இருந்தது குழந்தையின் உதடு. நகங்களும் அப்படித்தான். அது அழவில்லை. கண்ணைத் திறந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தும்போது முத்துலட்சுமி என்னைப் பார்த்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

படித்தவர்களுக்கு அந்த நிறத்தின் காரணம் தெரியும். தண்ணீரில் நைட்ரேட் மிகுந்தால் கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அதே தண்ணீரைக் குடித்துவிட்டு நடமாடிக்கொண்டிருப்பார்கள். பாடத்தில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

கிணறு சுடலைமுத்து அண்ணாச்சியின் வாழைத்தோட்டத்தில் இருந்தது. ஊருக்குத் தண்ணீர் இல்லை என்றதும் அவராகவே டீசல் மோட்டாரை வைத்து இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். வரைபடத்தில் அந்தக் கிணற்றின் மேல் பச்சைப் புள்ளி இருந்தது.

அந்த ஊருக்கு நாங்கள் அனுப்பியிருந்த ஊர்ப் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கிழித்துச் சோதித்தேன். தண்ணீரில் மெல்லிய ரோஜா நிறம் வந்தது. போனை வைத்தேன். பச்சை. இன்னொரு முறை செய்தேன். அதுவும் பச்சை.

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. குழந்தைக்கு வேறு ஏதோ நோய், டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள், தண்ணீரில் குறையில்லை என்று எழுதிக் கிளம்பிவிடலாம். அந்த ஆசை நெஞ்சில் எழும்போதே அந்த உதடு கண்முன் வந்தது. பைக்குள் கையை விட்டு, சாட்சித் தண்ணீரை எடுத்தேன்.

அதில் எல்லையைப் போல இரண்டு மடங்கு நைட்ரேட் இருந்தது. நானே கலக்கியது. தூளைக் கொட்டினால் ரத்தச் சிவப்பாக வர வேண்டும். கொட்டிக் குலுக்கினேன். காத்திருந்தேன்.

அதே மெல்லிய ரோஜா. போன் பச்சை என்றது.

இன்னும் ஒரு பொட்டலத்தைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். மாவு மாதிரி உதிர வேண்டிய தூள், மழைக்காலத்து உப்பைப்போலக் கட்டிதட்டிக் கிடந்தது. வெள்ளத்தில் கிடங்குக்குள் ஏறிய ஈரம் பொட்டலத்துக்குள்ளும் போயிருக்கிறது. மருந்து பாதி செத்துவிட்டது. போன் தன் முன்னால் இருந்த நிறத்தைச் சரியாகத்தான் படித்தது. நிறம்தான் வரவில்லை.

என் வண்டியில் வெள்ளத்துக்கு முன்பே வாங்கி, முத்திரை உடைக்காத ஒரு மருந்து டப்பா இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். சாட்சியில் போட்டதும் சிவந்தது. கிணற்றுத் தண்ணீரில் போட்டேன். குழாய் கறுஞ்சிவப்பாகி, போன் நிறத்தைப் படிக்க முடியாமல் 'மீண்டும் எடுக்கவும்' என்றது. பையிலிருந்த சுத்தத் தண்ணீர் விட்டுப் பலமடங்கு நீர்க்கச் செய்து பார்த்தேன். அப்போதும் எல்லையைத் தாண்டி நின்றது. தோட்டத்து உரமெல்லாம் வெள்ளத்தில் கரைந்து கிணற்றுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

டாக்டரம்மாவிடம் முடிவைச் சொல்லி, குழந்தை போன ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்கச் சொல்லிவிட்டு, சாரைக் கூப்பிட்டேன். கிணற்றில் வந்த முடிவைச் சொன்னேன். வழக்கம்போலக் கேட்டார்.

"சாட்சி என்ன சொல்லுது?"

"ஊர்ப் பெட்டியில உள்ள மருந்துக்கு சாட்சியும் பச்சைதான் சார் காட்டுது. மருந்து ஈரம் குடிச்சிட்டு."

அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடியை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.

"எஸ்தரம்மா" என்றார் மெதுவாக. "அதே மருந்துதான எல்லா ஊருக்கும் போயிருக்கு?"

"ஆமா சார்."

"அப்ப இந்த வாரம் பூரா நாம பார்த்த பச்சை?"

அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றாக என் கண்ணுக்குள் ஓடின. எந்தப் புள்ளிக்குக் கீழே எந்த வீட்டில் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்குகிறார்களோ!

அப்புறம் நடந்ததைச் சார் பிற்பாடு சொன்னார். எல்லாப் புள்ளிகளையும் அழிக்கச் சொல்லி மேலிடத்துக்குப் போன் செய்திருக்கிறார். "இருக்க நெலமையில இது வேறயா? ஊரே பயந்துரும் சிதம்பரநாதன். பைய ஒவ்வொண்ணா சரிபண்ணுங்க" என்றிருக்கிறார்கள். "பயப்படட்டும் சார். நானும் பயந்துபோய்த்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவர் பொறுப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். வரைபடம் வெறிச்சென்று ஆனது. அதன்பிறகு உட்கார்ந்து ஊர் ஊராக அவரே போன் செய்தார். "கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணிய மட்டும் குடுக்காதீங்க. காரணம் பெறவு சொல்லுதேன். மொதல்ல கொட்டுங்க."

நான் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தேன். மோட்டாரை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

"அண்ணாச்சி, மோட்டாரை நிப்பாட்டுங்க. இந்தத் தண்ணி குடிக்க ஆகாது."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏம்மா, எங்க அய்யா காலத்துல இருந்து நாங்க குடிக்குத தண்ணி. ஒங்க ஆளுகதான அன்னைக்குப் பச்சைன்னு சொன்னாங்க?"

"ஆமா அண்ணாச்சி. அந்தப் பச்சை தப்பு."

"அப்ப இந்தச் செவப்பு மட்டும் சரின்னு எப்படி நம்புததுக்கு?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தது. மூன்று குழாய்களை வரிசையாக நிறுத்தினேன். ஒன்றில் எதுவுமே இல்லாத சுத்தத் தண்ணீர். ஒன்றில் சாட்சி. ஒன்றில் அவர் கையாலேயே கிணற்றிலிருந்து பிடித்த தண்ணீர். தூளை அவர்களையே கொட்டச் சொன்னேன். முதல் குழாய் அப்படியே தெளிந்து நின்றது. இரண்டாவது சிவந்தது. மூன்றாவது அதைவிட இருண்டது. கை நடுங்கியதால் குழாய்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் கேட்டது. என் பயத்தை அவர்கள் பார்த்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். போன் சொன்னதைவிட அதைத்தான் நம்பினார்கள்.

அண்ணாச்சி போய் மோட்டாரை நிறுத்தினார். திரும்பி வந்து கிணற்றுத் திண்டில் உட்கார்ந்தார்.

"நாந்தானம்மா குடுத்தேன். முத்துலெச்சுமி வீட்டுக்கு நானே ரெண்டு கொடம் கொண்டுபோய் வச்சேன்."

"நல்லதுக்குத்தான் குடுத்தீங்க அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டினார். அது ஆமோதிப்பா மறுப்பா என்று தெரியவில்லை. மத்தியானத்துக்குள் சார் எங்கிருந்தோ டிராக்டரில் டேங்கர் தண்ணீர் அனுப்பிவைத்தார். குடங்களில் இருந்ததை எல்லாம் வாழைக்கே ஊற்றினார்கள்.

அன்று சாயங்காலம் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் வீட்டுக்குப் போக முடியவில்லை. குழந்தைகள் பிரிவின் வாசலில் முத்துலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் பார்க்கிறவள் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் காய்ச்சல்ல பால் வத்திட்டு மேடம். அதான் பவுடர் பால். ஆனா நான் சும்மா குடுக்கல. வெள்ளத் தண்ணின்னு சொல்லுதாங்களேன்னு நல்லாக் கொதிக்க வச்சேன். ஆறவச்சு, திரும்பவும் ஒருக்கா கொதிக்க வச்சுத்தான் குடுத்தேன்."

கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும். நைட்ரேட் ஆவியாகிப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். பிள்ளைமேல் இருந்த அக்கறையில் அவள் அதைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்திருக்கிறாள். அதை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஜெபம் பண்ண நினைத்தேன்; வார்த்தை வரவில்லை.

உள்ளே இருந்த டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். அதில் குழந்தையின் ரத்தம் ஒரு சொட்டு. காற்றுப் பட்டால் ரத்தம் பளிச்சென்று சிவக்கும். இது கருப்பட்டிப் பாகின் நிறத்திலேயே நின்றது. "நீங்க சொன்னதுதான் மேடம். உங்க முடிவு கெடைக்கவும் மருந்தை ஆரம்பிச்சிட்டோம்" என்றார். அந்த மருந்தும் நீல நிறம்தான். ஊசிக்குள் மையைப்போல இருந்தது. நீலம் பாரித்த பிள்ளைக்கு நீலத்தையே ஏற்றினார்கள். ஆயுள் முழுக்க நிறம் பார்த்தவள் நான். அன்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அந்தச் சின்ன உதட்டைப் பார்த்ததுபோல் எந்த நிறத்தையும் பார்த்ததில்லை. ஓரத்தில் கொஞ்சம் சிவந்ததுபோல் இருந்தது. கண் மயங்குகிறதோ என்று திரும்பிக்கொண்டேன். உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டு அழுதது. முத்துலட்சுமி எழுந்து ஓடினாள்.

அடுத்து வந்த நாட்களில் ஈரம் படாத மருந்தோடு ஒவ்வொரு ஊராகப் போனோம். பெரும்பாலான ஊர்கள் மறுபடியும் பச்சையாகவே வந்தன. சில சிவந்தன. அதில் ஓர் ஊரில், சார் போனில் பேசிய நேரத்தில், பிறந்து சில நாளேயான பிள்ளைக்குப் பாட்டிலில் பால் கலந்து ஆற்றிக்கொண்டிருந்தார்களாம். அப்படியே முற்றத்தில் கொட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் சார் ஜீப்பிலிருந்து ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எஸ்தரம்மா, நாம வேலைக்குச் சேர்ந்த காலத்துல தப்பு வந்தா ஒரு பாட்டில்ல தப்பு வரும். இப்ப ஒரு தப்பு ஆறு பூரா ஓடிருது" என்றார்.

இப்போது ஒவ்வொரு ஊர்ப் பெட்டியிலும் சாட்சித் தண்ணீர் உண்டு; அதன் நிறத்தை முதலில் காட்டாவிட்டால் போன் அடுத்த பக்கத்துக்குப் போகாது. சார் ஓய்வுபெறும் முன் எழுதி வாதாடி அதைச் செய்ய வைத்தார்.

குழந்தை வீட்டுக்கு வந்தபிறகு முத்துலட்சுமியிடம் கொதிக்கவைத்த விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் திரும்பவும் அதையே செய்வாள். கேட்டுவிட்டு, "அப்ப நாந்தானாக்கா?" என்றாள். இல்லை என்று எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொன்னேன். அவள் நம்பினாளா, தெரியாது. ஆனால் ஊர்ப் பெட்டியைத் தன்னிடம் தரச் சொல்லி அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் குழாயடித் தண்ணீரைச் சோதித்து எனக்குப் படம் அனுப்புவாள். உடனே போன் வரும்.

"அக்கா, இன்னைக்குக் குடுக்கலாமா?"

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்றேன். அவள் போன் ஓயவில்லை. படத்தைப் பெரிதாக்கி, சாட்சி சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "குடு" என்பேன். சொல்லி முடித்த பிறகும் படத்தை இன்னொரு தடவை பார்ப்பேன்.

ஒரு நாள் போன் வரவில்லை. காப்பி ஆறியது. வெயில் ஏறியது. என்னென்னவோ நினைத்துக்கொண்டு நானே கூப்பிட்டேன். வெகுநேரம் அடித்தபிறகு எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"என்னட்டி ஆச்சு? பிள்ளைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லக்கா. நடக்க ஆரம்பிச்சிட்டான். காலையில இருந்து தெருவுல இழுத்தடிக்கான். அவன் பின்னால ஓடுததுல மறந்தே போயிட்டேன்." சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

எனக்கு அழுகை வந்தது. அவள் மறந்துவிட்டாள். இப்படி ஒரு நாள் அவளுக்கு வர வேண்டும் என்றுதானே அத்தனை காலையிலும் வேண்டிக்கொண்டேன். சந்தோஷமாகப் போனை வைத்திருக்கலாம்.

"சரி, தண்ணி பார்த்தியா?" என்றேன்.

"இல்லக்கா. பெறவு பாக்கேன்."

"இப்பவே பாரு. மொதல்ல சாட்சியப் பிடி. நான் வைக்கல, லைன்லயே இருக்கேன்."

அவள் போனை எங்கோ வைத்தாள். பிள்ளை ஏதோ கத்தியது. பொட்டலம் கிழிகிற சத்தம் கேட்டது. காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.